வீட்டிலேயே படித்த பிள்ளை கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர எஸ்ஏடி என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

வேண்டாம். அங்கே கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரிகளில், மதிப்பெண் பார்த்து வடிகட்டும் வழக்கமே இல்லை. 18 வயது நிரம்பி, பாடத்தைப் பின்தொடர முடிந்தால் போதும், பள்ளி முடித்ததற்கான டிப்ளமோகூடக் கட்டாயமில்லை.

முன்பெல்லாம் சேர்ந்தபின் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு நிலைத்தேர்வு வைப்பார்கள். அதில் சறுக்கினால் பட்டத்துக்கான கிரெடிட் கிடைக்காத அடிப்படை வகுப்புகளில் ஓரிரு வருடம் போய்விடும். 2017இல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டம் அதை மாற்றியது. இப்போது உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களை வைத்தே வகுப்பை முடிவு செய்கிறார்கள்; அவை இல்லாதவர்கள், கல்லூரி தரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

18 ஆகவில்லையா? அப்போதும் வழி உண்டு, ஆனால் பள்ளி முதல்வரின் கையெழுத்து வேண்டும். வருடாவருடம் அக்டோபர் 1 முதல் 15 வரை தனியார் பள்ளி உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்து வீட்டில் கற்பிப்பவர் என்றால், சட்டப்படி உங்கள் வீடுதான் பள்ளி. ஆக, முதல்வரும் நீங்கள்தான்! சில கல்லூரிகள் அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்கும், எடுத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால், எஸ்ஏடி பயிற்சிக்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு நல்ல வகுப்புகளில் போடலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடி, அதைப் போன்ற ஏசிடி இரண்டையும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. கம்யூனிட்டி காலேஜிலிருந்து அங்கே மாற்றலாகிப் போகும்போது பேசுவது கல்லூரி மதிப்பெண்தான். அதனால் ஒன்று: 15 வயதில் வாங்கிய மோசமான கிரேடும் நிரந்தரப் பதிவில் நிற்கும். அவசரப்பட்டுக் கடினமான வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள்.