சைட் கேக்கிறவனும் சைட் குடுக்கிறவனும்

போன இதழ்ல 24 மணித்தியால கார் ரேஸ் பற்றி ரெண்டு பந்திதான் எழுதினன், கேள்வி வந்து குவிஞ்சிட்டுது. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒண்டைத்தான்: முந்தேக்க இடிபட்டா ஆரில பிழை? அதால இந்தமுறை எஞ்சின் ஒயில், பற்றரி, ஏசி கேள்வியள் எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டன், கேட்ட ஆக்கள் கோவிக்க வேணாம், அடுத்த இதழ்ல பாப்பம்.

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி: அண்ணா, நானும் கூட்டாளிமாரும் கம்ப்யூட்டர்ல ஐரேசிங் எண்ட கார் ரேஸ் கேம் ஓடுறனாங்க. போன கிழமை ஒரு எண்டியூரன்ஸ் (நீண்ட நேர) ரேஸில நான் வேகமான கிளாஸ் காரில வந்தன், முன்னால ஒரு ஸ்லோ கார், அவனுக்கு நீலக் கொடி காட்டியும் விலகேல்ல. வளைவுல உள்பக்கமா விட்டன், அவன் என்னில திரும்பிட்டான். ரெண்டு பேருக்கும் 4 பிழைப் பொயின்ட் விழுந்துது. இது என்ன நியாயம்?

நியாயம் இல்லை தம்பி, ஆனா சரி.

முதல்ல அந்தக் கொடியைப் பாப்பம். நாங்க எல்லாம் ஃபோர்முலா வன் பாத்து வளந்த ஆக்கள், அங்க நீலக் கொடி காட்டினா ஒரு சுத்து பின்னுக்கு நிக்கிறவன் வழி விட்டே ஆகணும், விடாட்டி தண்டனை. பல கிளாஸ் கார், அதாவது வேகம் கூடின குறைஞ்ச பிரிவுக் கார் எல்லாம், ஒண்டா ஓடுற எண்டியூரன்ஸ் ரேஸில அதே கொடிக்கு அர்த்தம் வேற: "பின்னால வேகமான ஆள் வாறான், தெரிஞ்சுகொள்" எண்டு மட்டும்தான். விலகு எண்டு இல்லை. மெதுவான கார்காரன் எப்பவும் போற லைன்லயே போகணும், இடம் பாத்து முந்திப் போறது வேகமானவன்ர வேலை. ஏனெண்டா பின்னால வாற உங்களுக்குத்தான் முன்னால நடக்கிறது முழுக்கத் தெரியுது. அவனுக்கு இருக்கிறது உள்ளங்கை அளவு கண்ணாடி, அதுவும் எஞ்சின் அதிர்வில நடுங்கிக்கொண்டே இருக்கும், தலையில ஹெல்மெட், கழுத்தை இஷ்டத்துக்குத் திருப்பவும் ஏலாது.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. உங்கட காருக்கும் அவன்ர காருக்கும் மணிக்கு 60 கிலோமீற்றர் வித்தியாசம் எண்டு வைங்க, ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல நீங்க கிட்ட வாறீங்க, அது நாலு கார் நீளம். அவன் கண்ணாடியைப் பாக்கிறான், ஒருத்தரும் பக்கத்தில இல்லை, கண்ணை எடுத்து வளைவைப் பாக்கிறான், ஸ்டியரிங்கைத் திருப்புறான், அந்த ஒரு செக்கனுக்குள்ள நீங்க அவன்ர கதவுக்குப் பக்கத்தில வந்து நிக்கிறீங்க. பிறகு அவன் "நான் பாத்தன், ஒருத்தரும் இல்லை" எண்டுவான். பொய் இல்லை, அவன் பாக்கேக்க நீங்க அங்க இல்லைத்தான்.

அதால வளைவுக்குள்ள திரும்பத் தொடங்குற இடத்துக்கு முதலே உங்கட முன் சில்லு அவன்ர கதவுக்கு நேரா வந்திருக்கணும், அவன் உங்களைக் கண்டிருக்கணும். அப்ப அவன் உங்களுக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டே ஆகணும், விடாட்டி அவன்ர பிழை. அவன் திரும்பத் தொடங்கின பிறகு, அவன்ர பின் சில்லுக்குப் பக்கத்தில மூக்கை நுழைச்சுப்போட்டு "நான் உள்ளுக்க இருந்தன்" எண்டா அது உங்கட பிழைதான். உங்கட கதை ரெண்டாவது மாதிரித்தான் எனக்குப் படுது. பொறுத்திருந்தா என்ன போயிருக்கும்? ஒரு வளைவு, கூடினா ரெண்டு செக்கன், அடுத்த நேர் றோட்டில அவன் உங்களுக்குத் தூசு.

4 பொயின்டுக்கு வருவம். ஐரேசிங்ல பலமா கார் இடிபட்டா ரெண்டு பேருக்கும் 4 எழுதும், ஆர் செய்தது எண்டு பாக்காது. கம்ப்யூட்டர் மட்டும் இல்லை, நிசமான அமெச்சூர் ரேஸிலயும் கனபேர் இப்பிடித்தான் செய்யிறாங்க, கீழ ஓர் அம்மா கேட்டிருக்கிறா, அதில சொல்றன்.

கிண்ணியா வாசகர்: அஜித் குமார்ர டீம் துபாயில ஓடின ரேஸைப் பாத்தன். ஒரே ட்ராக்கில ஏன் வேகமான காரையும் மெதுவான காரையும் சேத்து விடுறாங்க? இடிபடத்தானே செய்யும்?

2025 தை மாசம் நடந்த துபாய் 24 மணித்தியால ரேஸைச் சொல்றீங்க, அவர்ர டீம் தங்கட கிளாஸில 3ஆம் இடம் வந்தது, எங்கட பக்கத்திலயும் வெடி கொளுத்தாத குறை. சேத்து விடுறது ஏனெண்டா, அந்த ரேஸின்ர ருசியே அதுதான். ஒரு கிளாஸ் கார் மட்டும் எண்டா பத்துப் பதினஞ்சு கார் 5.39 கிலோமீற்றர் ட்ராக்கில அங்கொண்டு இங்கொண்டா ஓடும், ஆர் பாப்பான்? காசு குறைஞ்ச டீமும் சேந்தாத்தான் ட்ராக் நிறையும்.

இடிபடுறது உண்மைதான். அதுக்குத்தான் அந்த ரேஸில கோட் 60 எண்டு ஒரு விதி வச்சிருக்கிறாங்க. விபத்து எண்டா ஊதா நிறக் கொடி காட்டுவாங்க, எல்லாரும் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு இறங்கணும், ஒருத்தரும் ஒருத்தரையும் முந்தக் கூடாது. பறந்து வந்த கார் எல்லாம் திடீரெண்டு எங்கட டொக்யார்ட் றோட்டில போற மாதிரி வரிசையாப் போகும், பாக்கச் சிரிப்பா இருக்கும்.

நான் துபாயில கராஜில வேலை செய்த காலத்தில ஓர் அமெச்சூர் டீமுக்கு டயர் கழட்டப் போயிருக்கிறன், சம்பளம் இல்லை, சாப்பாடும் ஒரு தொப்பியும்தான். விடியப்பறம் மூண்டு மணி இருக்கும், எங்கட கார் உள்ளுக்க வந்துது. ட்ரைவர் கதவைத் திறக்க முதலே கத்துறான், அவன் இடிச்சவன், அவன்தான் இடிச்சவன் எண்டு. பின்பக்க மட்காட் லேசா உள்ளுக்க போயிருக்கு, வேற ஒண்டும் இல்லை, பெயின்டும் பெரிசாப் போகேல்ல. சரி போகலாம் எண்டு கை காட்டப் போக எனக்கு ரப்பர் கருகின மணம் அடிச்சுது. குனிஞ்சு டோர்ச் அடிச்சுப் பாத்தா மட்காட் விளிம்பு டயரில முட்டிக்கொண்டு நிக்குது, சில்லுக்கு மேல கறுப்புத் தேங்காய்ப்பூ மாதிரி ரப்பர் துருவல் குவிஞ்சிருக்கு. டயர் தோளில சுத்திவர ஒரு வெட்டு. இன்னும் ரெண்டு சுத்து விட்டிருந்தா நேர் றோட்டில முழு வேகத்தில வெடிச்சிருக்கும். சுத்தியலால அடிச்சு நிமித்தி, டயர் மாத்தி விட 11 நிமிசம் போச்சு. எதுக்கு இடிபட்டான்? ஒரு காரை ஒரு வளைவுக்கு முதல் முந்துறதுக்கு. பிழை ஆரில எண்டு அந்த 11 நிமிசமும் கத்தினான், ஒருத்தரும் கேக்கேல்ல, எங்களுக்கு வேலை இருந்தது.

ஓர்ஸ் ஹில்லில இருந்து ஓர் அம்மா: மகன் அமெரிக்காவில. கூட்டாளிமாரோட ஒரு பழைய காரை வாங்கி லெமன்ஸ் எண்ட ரேஸ் ஓடப் போறாராம். எனக்குப் பயமாக் கிடக்கு. அதில இடிச்சுப் பிடிச்சு ஓடுறாங்களா?

அம்மா, பயப்பிடுறது சரி, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. 2006ல தொடங்கின பகிடி ரேஸ் அது, பேரே பகிடிதான், பிரான்ஸில நடக்கிற லு மான் ரேஸையும், அமெரிக்க ஆக்கள் ஓட்டைக் காருக்குச் சொல்ற 'லெமன்' எண்ட சொல்லையும் குழைச்சு வச்சது. கார் 500 டொலருக்கு மேல போகக் கூடாது எண்டது விதி. ஆனா அந்த 500ல பாதுகாப்புச் சாமான் சேராது, உள்ளுக்க இரும்புக் கூடு, சீட், பெல்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கணும், அதில பகிடி கிடையாது.

இடிபட்டா? கறுப்புக் கொடி. ஆர் இடிச்சது, ஆர் இடிபட்டது எண்டு ட்ராக்கில நிண்டு விசாரிக்கிறதில்லை, ரெண்டு பேரையும் உள்ளுக்க கூப்பிடுவாங்க, போய் நீதவான் மாதிரி ஒருத்தருக்கு முன்னால நிக்கணும். பகிடித் தண்டனையும் குடுப்பாங்க, காருக்கு மேல எதையாவது வெல்டிங் பண்ணிப் பூட்டி விடுறது கூட நடந்திருக்கு. போர்ஷ கார் வச்சிருக்கிற ஆக்களின்ர சங்கம், போர்ஷ கிளப் ஒவ் அமெரிக்கா, இன்னும் கடுமை, அங்க 13/13 எண்டு சொல்லுவாங்க: பிழை உங்களில எண்டு தீர்ப்பு வந்தா 13 மாசம் கண்காணிப்பு, அதுக்குள்ள இன்னொருக்கா செய்தா 13 மாசம் ஓடவே ஏலாது.

இடிபட்டவனையும் கூப்பிடுறது அநியாயம் எண்டு நானும் முதல் நினைச்சனான். பிறகு விளங்கிச்சு. பிழை செய்தவனுக்கு மட்டும் தண்டனை எண்டா ஒவ்வொருத்தனும் "நான் சரி" எண்டு நிரூபிக்கிறதுக்காகவே இடத்தை விடாமல் நிப்பான். ரெண்டு பேருக்கும் எண்டா, தன்னில பிழை இல்லாதவனும் ஒரு அடி விலத்திக் குடுப்பான். ஓசியில கிடைச்ச கார் இல்லை, சம்பளம் போட்டு வாங்கின கார், திங்கக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போகணும். மகனுக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க அம்மா, முதல் நாள் ஆரையும் முந்தப் போக வேணாம், தன்னை மற்றவன் முந்தேக்க குழம்பாமல் ஓடப் பழகட்டும். புதுசா வாறவனுக்கு அதுதான் கஷ்டம்.

கந்தளாய் லொறி ட்ரைவர்: பின்னால வாற வாகனத்துக்கு நாங்க இடப்பக்க சிக்னல் போட்டு சைட் குடுக்கிறம், எதிர்ல வாகனம் வந்தா வலப்பக்கம் போட்டு பொறு எண்டுறம். ரேஸிலயும் இப்பிடி இருக்கா?

இருக்கு, அண்ணே. கையால காட்டுவாங்க, யன்னலுக்கால விரலை நீட்டி "இந்தப் பக்கத்தால போ" எண்டு. நேர் றோட்டில, எல்லாருக்கும் நேரம் இருக்கேக்க, அது நல்ல பழக்கம். ஆனா உங்களுக்குத் தெரியாததா, எங்கட றோட்டிலயே வலப்பக்க சிக்னலைப் பாத்து ஒருத்தன் "பொறு" எண்டு நினைக்கிறான், இன்னொருத்தன் "லொறி திரும்பப் போகுது" எண்டு நினைக்கிறான், மூண்டாமவன் "போ" எண்டு நினைச்சு எதிர்ல வாற பஸ்ஸுக்கு முகம் குடுக்கிறான். ரேஸிலயும் அந்தக் குழப்பம்தான். கை காட்டினாலும் முந்துறவன் தன்ர கண்ணாலதான் பாத்துப் போகணும்.

அதைவிட மோசம் அளவுக்கு மிஞ்சின மரியாதை. புது ட்ரைவர் கண்ணாடியில வேகமான காரைக் கண்டதும் பதறி, பாவம் வழி விடுவம் எண்டு திடீரெண்டு ஒரு பக்கம் விலத்துவான். பின்னால வாறவனும் அதே பக்கத்தாலதான் போக முடிவெடுத்திருப்பான். டமார். விலத்தாமல் தன்ர பாட்டில போயிருந்தா ஒண்டும் நடந்திராது. மாடு றோட்டுக்குக் குறுக்கால நிண்டா சுத்திப் போகலாம், போகவா நிக்கவா எண்டு யோசிக்கிற மாடுதான் ஆபத்து.

மூதூர் வாசகர்: இதெல்லாம் பழகுற ஆக்களின்ர பிழை. பெரிய ட்ரைவர்மார் இப்பிடி இடிப்பாங்களா?

நல்லா இடிப்பாங்க. 2011 லு மான் ரேஸைப் பாருங்க, அவுடி மூண்டு கார் கொண்டு வந்துது. முதல் மணித்தியாலத்திலயே அலன் மக்னிஷ், அதுக்கு முதலே ரெண்டு தரம் அந்த ரேஸை வெண்ட ஆள், ஒரு ஃபெராரியை ஒரு சுத்து முந்தப் போய் இடிபட்டு, கார் பறந்து மதிலில மோதி நொருங்கிச்சு, மதிலுக்குப் பின்னால படம் எடுத்தவங்க தப்பினது அருந்தப்பு. இரவு ரெண்டாவது அவுடியும் அதே மாதிரி ஒரு மெதுவான ஃபெராரியை முந்தேக்க போச்சு, மைக் ரொக்கன்ஃபெலர் ஓட்டினது. ரெண்டு பேரும் உயிரோட இறங்கி வந்தாங்க. மிஞ்சின ஒரே ஒரு அவுடி என்ன செய்துது தெரியுமோ? 24 மணித்தியாலம் ஓடி 13 செக்கன் சொச்சத்தால வெண்டுது. அடுத்த வருசம் டொயோட்டாவில வந்த அன்ரனி டேவிட்சன் ஒரு ஃபெராரியில பட்டு பறந்தார், முள்ளந்தண்டு எலும்பு ரெண்டு உடைஞ்சுது.

சீனக்குடா வாசகர்: தியத்தலாவ பொக்ஸ் ஹில்லில 2024ல நடந்ததுக்குப் பிறகும் கார் ரேஸ் தேவையா?

சித்திரை 21ஆம் திகதி, ரேஸ் கார் பாக்க வந்த சனத்துக்குள்ள பாஞ்சு செத்தது ஏழு பேர், அதில ஒரு எட்டு வயசுப் பிள்ளை. அதை முந்துற ஒழுக்கம் பற்றின கேள்வியோட சேத்துப் பேச எனக்கு மனம் வரேல்ல. ட்ராக்குக்கும் சனத்துக்கும் இடையில என்ன இருந்தது எண்டதுதான் அங்க கேள்வி. லு மானில 1955ல 80 பேருக்கு மேல செத்ததும் சனம் நிண்ட பக்கத்திலதான். வேணுமா வேணாமா எண்டு கேட்டா, வேலி இல்லாத இடத்தில வேணாம். நான் போக மாட்டன், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகவும் மாட்டன்.

நிலாவெளியில இருந்து: இதை எல்லாம் எங்கட பிரைவேட் பஸ் ட்ரைவர்மாருக்கு ஆர் சொல்றது?

சொல்லிப் பாத்தனான். போன மாசம் ஒரு பஸ் என்ர பைக்கை றோட்டுக்கரை மண்ணுக்க இறக்கிப்போட்டு முந்திப் போச்சு. நானும் விடாமல் போய் அடுத்த ஹோல்டில பிடிச்சு, முந்துறவன்தான் பொறுப்பு எண்டு ரேஸ் சட்டம் முழுக்க விளங்கப்படுத்தினன். பொறுமையாக் கேட்டுப்போட்டு, "அண்ணே, எனக்குப் பின்னால சிடிபி அரசாங்க பஸ் வருது" எண்டான், போய்ட்டான். பிறகு கோட்டை வாசலடியில பாக்கிறன், அதே பஸ் ஹோர்ன் கூட அடிக்காமல் நிக்குது. முன்னால நாலு மான் றோட்டைக் கடக்குதுகள், ஆறுதலா.