வரப்போற பாலத்த இப்பவே பாக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயத்தப் பத்திதான். வரப்போற பாலம், பார்க், கட்டடம் எல்லாத்தையும் போன் கேமராவுல நிக்க வச்சு காட்டி மக்கள்கிட்ட கருத்துக் கேக்குறாங்களே, அந்த ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) சமாச்சாரம். அதனால எல்லாத்தையும் சேத்து இங்கயே போட்டுட்டேன்.

கேள்வி: எங்க குடியிருப்புக்கு எதுத்தாப்ல மேம்பாலம் வரப்போகுது. "ஸ்பாட்டுக்கு வாங்க, போனத் தூக்கிப் பிடிச்சா பாலம் அப்படியே தெரியும், பாத்துட்டு கருத்து சொல்லுங்க"ன்னு கூப்புடுறாங்க. போலாமா சார்? தெரியுறத நம்பலாமா? (குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருத்தர்)

பதில்: கண்டிப்பா போங்க. பிளான் டிராயிங்க சுவத்துல ஒட்டி வச்சா நம்மள்ல எத்தன பேருக்குப் புரியும், எது பாலம் எது காம்பவுண்ட் சுவருன்னே பிடிபடாது, ஆனா அதே பாலத்த நீங்க தினம் நிக்குற இடத்துலேந்து முழு உயரத்துல பாத்தீங்கன்னா "அட, இது நம்ம ரெண்டாவது மாடி ஜன்னலுக்கு நேரால்ல போகுது"ன்னு டக்குனு விளங்கிடும். ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல. சுவிட்சர்லாந்துல கட்டட அனுமதி குடுக்குறதுக்கு முன்னாடி, வரப்போற கட்டடத்தோட மூலைக்கு மூலை அது எவ்வளவு உசரமோ அவ்வளவு உசரத்துக்கு கம்பம் நட்டுக் காட்டணும்னு ரொம்ப காலமா வழக்கம் இருக்கு, அக்கம்பக்கத்துக்காரங்க அண்ணாந்து பாத்துட்டு ஆட்சேபன இருந்தா எழுதிக் குடுக்கலாம். ஏஆர் அந்தக் கம்பத்தோட வேலையத்தான் பாக்குது.

ஆனா நட்ட கம்பம் நகராது, போன்ல தெரியுற பாலம் நகரும். சாதாரண போன்ல இருக்குற ஜிபிஎஸ் வெட்டவெளியிலயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், ரெண்டு பக்கமும் உசரமான கட்டடம் இருந்தா இன்னும் மோசம், பக்கத்துல இரும்பு கிடந்தா திசைகாட்டியும் சேந்து குழம்பிடும். உங்க வீட்டுக்கும் பாலத்துக்கும் நடுவுல இருக்கப்போற இடைவெளியே சில மீட்டர்னா இது சின்ன விஷயமா? அதனால போனதும் மொதல்ல ஒண்ணு கேளுங்க: ஏற்கனவே அங்க நிக்குற ஒரு கட்டடத்தையோ விளக்குக் கம்பத்தையோ அதே ஆப்ல மாடலா போட்டுக் காட்டச் சொல்லுங்க. நிஜக் கம்பத்து மேலயே அச்சா உக்காந்துச்சுன்னா பாலமும் சரியான இடத்துலதான் தெரியுதுன்னு ஓரளவுக்கு நம்பலாம். தள்ளி நின்னுச்சுன்னா பாலமும் தள்ளித்தான் நிக்குது. ஒழுங்கா பண்றவங்க சர்வே பண்ணின ஒரு புள்ளியில கியூஆர் மாதிரி ஒரு அடையாளத்த வச்சு, அத ஸ்கேன் பண்ணி மாடல அங்க கட்டிப்போடுவாங்க.

அடுத்தது மரம். எது முன்னாடி இருக்கு எது பின்னாடி இருக்குன்னு நெறைய போனுக்குத் தெரியாது, அதனால பாலத்துக்கு முன்னாடி நிக்குற மரத்தையும் மறைச்சிட்டு பாலம் மேல வந்து உக்காந்துக்கும். பாக்குறவங்க "ஐயோ மரத்த வெட்டப்போறாங்க"ன்னு சண்டைக்குக் கெளம்பிடுவாங்க. நெஜமாவே வெட்டப்போற மரமும் இதே மாதிரிதான் காணாமப் போகும், ஸ்கிரீனப் பாத்து ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, வெட்டுற மரங்களோட லிஸ்ட்ட பேப்பர்ல தனியா வாங்கிக்குங்க.

அப்புறம் அவங்க நிக்கச் சொல்ற இடத்துல மட்டும் நின்னு பாத்துட்டு வந்துராதீங்க. தூரத்துலேந்து, வெயில் பளிச்சுனு அடிக்கிற நேரத்துல, கீழ பச்சைப்பசேல்னு செடி வச்சுப் பாத்தா எந்தப் பாலமும் அழகுதான். பாலத்துக்கு அடியில நின்னு பாக்கணும், உங்க ஜன்னல்லேந்து பாக்கணும், காலைல எட்டு மணிக்கும் சாயங்காலமும் நிழல் எங்க விழுதுன்னு ஓட்டிக் காட்டச் சொல்லணும், ராத்திரி லைட் வீட்டுக்குள்ள அடிக்குமான்னு கேக்கணும். இன்னொண்ணு, ஏஆர்ல சத்தம் கேக்காது, தூசி வராது, கட்டி முடிக்கிற வரைக்கும் ரோட்ட அடைச்சு வைக்கிறதும் தெரியாது. இதெல்லாம் நீங்க வாயத் தொறந்து கேட்டாத்தான் உண்டு.

கேள்வி: எல்லாத்தையும் முடிவு பண்ணி டெண்டர் வரைக்கும் போயாச்சு, இப்ப வந்து கலர் கலரா படம் காட்டி கருத்துக் கேக்குறாங்க. இது கண்துடைப்பு இல்லாம வேற என்ன? (ரிட்டயர்டு ஆசிரியர்)

பதில்: கண்துடைப்பேதான் சார், இதுல சந்தேகமே வேணாம். 1969-லயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அம்மா மக்கள் பங்கேற்ப எட்டுப் படி ஏணியா வரைஞ்சு காட்டினாங்க. கீழ் ரெண்டு படியில மக்களத் தன் வழிக்கு வளைக்கிறதும், அவங்களுக்கே ஏதோ கோளாறுங்கிற மாதிரி வைத்தியம் பாக்குறதும்தான் நடக்கும், நடுவுல தகவல் சொல்லுவாங்க, கருத்துக் கேப்பாங்க, ஆனா முடிவு அவங்க கையில, மேல ஏற ஏறத்தான் அதிகாரம் மக்கள் கைக்கு வரும். என்ன கேட்டா, எவ்வளவு ஷோக்கான ஏஆரா இருந்தாலும் டெண்டருக்கு அப்புறம் வந்தா அது கீழ்ப் படிதான்.

ஸ்பெயின்ல மாட்ரிட் நகரத்துல பிளாஸா டி எஸ்பானான்னு ஒரு பெரிய சதுக்கத்த மாத்திக் கட்டினாங்க. அங்க டிசைன் போட்டி வைக்கிறதுக்கு முன்னாடியே "என்ன மாறணும், என்ன மாறக்கூடாது"ன்னு நகரத்தோட வெப்சைட் மூலமா ஜனங்ககிட்ட கேட்டாங்க, கடைசியா மிஞ்சின டிசைன்கள்ல எதக் கட்டுறதுன்னும் 2017-ல ஜனங்கதான் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க. சதுக்கம் 2021-ல தொறந்துச்சு. எவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்காங்கங்கிறதப் பாருங்க.

ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துக் கதை இன்னும் சுவாரசியம். 2016-ல அகதிகளுக்கு வீடு கட்ட இடம் தேடணும், "எங்க ஏரியாவுல வேணாம்"னு எல்லா ஏரியாவும் சொல்லுது. அங்க இருக்குற பல்கலைக்கழகமும் அமெரிக்காவோட எம்ஐடி மீடியா லேபும் சேந்து மேஜை மேல நகரத்து மேப்ப புரொஜெக்டர்ல விழ வச்சு, அதுல பிளாஸ்டிக் கட்டைகள நகத்தி வச்சா அந்த இடத்தோட விவரமெல்லாம் ஸ்கிரீன்ல வர்ற மாதிரி பண்ணாங்க. சுமார் 400 பேர் வந்து ஒக்காந்து 160-க்கு மேல இடத்த எடுத்துக் குடுத்தாங்க, அதிகாரிங்க ஆய்வுல 44 தேறிச்சு, கடைசியில கட்டினது கொஞ்சம்தான். ஆனா ஒரு இடம் ஏன் சரிப்படாதுன்னு காரணத்தோட பதில் வந்துச்சு. உங்களுக்கும் அதுதான் தேவை. நாம சொன்னதுல எத எடுத்துக்கிட்டீங்க, எத விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு எழுத்துல கேளுங்க. குடுக்க மாட்டேன்னா அப்புறம் படத்தப் பத்திப் பேசவே வேணாம்.

கேள்வி: என் பையன் எந்நேரமும் மைன்கிராஃப்ட், அதான் கட்டைய அடுக்கி ஊரே கட்டுற அந்த கம்ப்யூட்டர் கேம். இதனால உருப்படியா ஏதாவது உண்டா? (நொந்துபோன அம்மா)

பதில்: நொந்துக்காதீங்கம்மா, ஐ.நா.வோட வாழிடப் பிரிவே அந்த கேம வச்சு வேலை பாக்குது. 2012-ல மைன்கிராஃப்ட் கம்பெனியோட சேந்து பிளாக் பை பிளாக்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கென்யா நாட்டு நைரோபியில கிபேரா குடிசைப்பகுதியிலதான் மொத வேலை. இருக்குற மைதானத்த அப்படியே கேம்ல கட்டி வச்சுட்டு, அங்க குடியிருக்கிறவங்களயே உக்கார வச்சு "எங்க லைட் வேணும், எங்க வழி வேணும், நீங்களே போடுங்க"ன்னு விட்டாங்க. கட்டைய எடுத்து வைக்கவும் பிடுங்கவும் இன்ஜினியரிங் படிக்க வேணாம் பாருங்க, அதான் சூட்சுமம். அதுக்காக பரீட்சை நேரத்துலயும் விளையாட விடுங்கன்னு நான் சொன்னதா பையன்கிட்ட சொல்லிராதீங்க.

கேள்வி: ஆன்லைன்ல கருத்துக் கேட்டா நாலு பேர் கெட்ட வார்த்தையில சண்டை போடுறதுதான் மிச்சம். வழி இருக்கா? (வார்டு குரூப் அட்மின்)

பதில்: இருக்கு. போலிஸ்னு ஒரு டூல், நம்ம காக்கிச்சட்ட போலீஸ் இல்ல. அதுல ரிப்ளை பட்டனே கிடையாது. ஒருத்தர் ஒரு வரி எழுதுவார், மத்தவங்க "சரி", "சரியில்ல", "கடந்து போ" மூணுல ஒண்ணத் தட்டணும், அவ்வளவுதான். ஒரே மாதிரி தட்டுறவங்கள அதுவே குரூப்பா பிரிச்சு, எதிரெதிர் குரூப்புங்க ரெண்டுமே எதுக்கு "சரி"ன்னு தட்டியிருக்குன்னு காட்டிடும். தைவான்ல 2015-ல ஊபர் டாக்சி தகராறுக்கு இத வச்சுத்தான் பொதுவான புள்ளிகளத் தேடி எடுத்தாங்க. உங்க குரூப்புல ரிப்ளைய நிறுத்தினா பாதி பேர் வெளிய போயிடுவாங்க, அது வேற விஷயம்.

கேள்வி: ஸ்மார்ட்போனே இல்லாதவங்க? (பேர் போடாத வாசகர்)

பதில்: ஸ்பாட்டுல ரெண்டு டேப்லெட்டும், பக்கத்துல நின்னு காட்ட ஒரு ஆளும், சொல்றத எழுதிக்க ஒரு நோட்டும் வைக்கணும். ஆப்ல வந்தது மட்டும்தான் கருத்துன்னு எண்ணினாங்கன்னா தெருவுல அதிகமா நடக்குற வயசானவங்களும் ரோட்டோர வியாபாரிங்களும்தான் மொதல்ல கணக்குலேந்து விழுவாங்க.

கேள்வி: அந்த ஆப் லொகேஷன், கேமரா எல்லாம் கேக்குதே, குடுக்கலாமா? (கல்லூரி மாணவி)

பதில்: கேமரா இல்லாம ஏஆர் ஓடாது, லொகேஷனும் பெரும்பாலும் தேவைப்படும், "ஆப் பயன்படுத்தும்போது மட்டும்"னு குடுத்துட்டு வேலை முடிஞ்சதும் எடுத்துருங்க. கான்டாக்ட் லிஸ்ட் கேட்டா குடுக்காதீங்க, பாலத்துக்கும் உங்க அத்தை நம்பருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எடுக்குற டேட்டா எங்க போகுது, எத்தன நாள் வச்சிருப்பாங்கன்னு நடத்துறவங்ககிட்டயே கேளுங்க. கனடாவோட டொராண்டோவுல 2017-ல கூகுளோட சகோதரக் கம்பெனி ஒண்ணு ஏரிக்கரையில ஸ்மார்ட்டா ஒரு பேட்டை கட்டுறேன்னு வந்துச்சு, டேட்டா யாருக்குச் சொந்தம்ங்கிற சண்டை கடைசி வரைக்கும் ஓயல, கொரோனா நேரத்துப் பொருளாதார நிலைமையக் காரணம் சொல்லி 2020-ல கைய விரிச்சுட்டுப் போயிட்டாங்க.