ஒரு பானையா, பல பானைகளா?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவன். பணியிலிருந்த காலத்தில் வாக்குச்சீட்டுத் தேர்தல்களிலும் பின்னர் மின்னணு இயந்திரத் தேர்தல்களிலும் வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். சில மாதங்களாக வாக்குப்பதிவு இயந்திரம் குறித்து இணையத்தில் முன்பின் அறியாதவர்களுடன் விவாதித்து வருகிறேன். மாதிரி வாக்குப்பதிவும் முத்திரையிடலும் எவ்வாறு நடக்கின்றன என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில், இயந்திரத்தில் முறைகேடு செய்ய வழியில்லை என்று எழுதினேன். மென்பொருள் பொறியாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஓர் இளைஞர், 'எந்தக் கணினியையும் மாற்றியமைக்க முடியும், உங்கள் அனுபவம் சான்று ஆகாது' என்றார். வேறு சிலர் என்னை ஒரு கட்சியின் கூலி என்றார்கள். இதே இளைஞர், தமக்குப் பிடித்த கட்சி வென்றபோது இயந்திரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை என்பதை எடுத்துக்காட்டினேன். பேச்சு முற்றி, அவர் என்னை 'நீ' என்றார், நானும் அவ்வாறே பதில் எழுதிவிட்டேன். என் மகள் இதையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறாள். அந்நியர்களோடு இவற்றை விவாதிப்பதில் பயன் உண்டா? என் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

தங்கள் வாசகன்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் இணைத்து அனுப்பிய உரையாடலை முழுவதுமாகப் படித்தேன். உங்கள் இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அவர் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். இயந்திரத்தை மாற்றியமைக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஒரு தேர்தலில் அவ்வாறு மாற்றினார்களா என்பது இன்னொன்று. மாற்றவில்லை என்பதை, எந்தத் தொழில்நுட்ப அறிவும் இல்லாத குடிமகன் தானே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பொறியாளர் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குச் சான்று வேண்டும். மூன்றாவது அரசியல் கேள்வி, அதில் உங்களுக்கும் அந்த இளைஞருக்கும் எனக்கும் சமமான குரல் இருக்கிறது. இந்தப் பொருளில் நான் கண்ட சண்டைகளில் பெரும்பாலானவை, ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்வியின் மேல் எறிவதால் மூண்டவை.

உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. வாக்குப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் முகவர்களுடைய கண்முன்னே குறைந்தது 50 வாக்குகளை மாதிரியாகப் பதிந்து, எண்ணிக் காட்டி, அழித்து, அதன் பின் முத்திரையிடுவதை நீங்கள் கையாலேயே செய்திருக்கிறீர்கள். மாலையில் படிவம் 17சி-யில் மொத்த வாக்குகளை எழுதி, அதன் நகலை முகவர்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். வாக்குச்சாவடிக்குள் யாரும் இயந்திரத்தைத் திறக்கவில்லை, பதிவான வாக்குகளின் எண்ணிக்கையில் பிசகு இல்லை என்று சாட்சி சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கும் நிரல் என்ன என்பதை நீங்கள் கண்டதில்லை. காண உங்களுக்கு வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் தயாரிக்கும் அந்த இயந்திரத்தின் மூல நிரல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. உங்கள் சாட்சியம் எதுவரை செல்லும் என்பதை நீங்களே முதலில் சொல்லியிருந்தால், அவர் அதை மறுத்திருக்க முடியாது.

இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. நானும் இதே பிழையைச் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் நான் உறுதியாக எழுதிய வாதம் ஒன்று உண்டு: எந்தத் தொகுதியில் எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்பது வேட்புமனு இறுதியான பிறகே தெரியும், வேட்பாளர்கள் அகரவரிசைப்படி வரிசைப்படுத்தப்படுகிறார்கள், ஆகவே தொழிற்சாலையிலிருந்து வரும் இயந்திரத்துக்குக் கட்சி எதுவென்றே தெரியாது. இது நல்ல வாதம், இன்றும் பெரும்பகுதி சரியானதும்கூட. ஆனால் பெயர் தெரியாத ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வாக்கு யாருக்குப் பதிவானது என்று வாக்காளருக்குச் சீட்டில் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் (விவிபாட்) சின்னத்தை அச்சிடுகிறதே, அந்தச் சின்னம் அதற்குள் எப்படிப் போகிறது? எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு, பெயரும் சின்னமும் வரிசை எண்ணும் கணினியிலிருந்து சின்னம் ஏற்றும் கருவி வழியாக அந்த இயந்திரத்துக்குள் ஏற்றப்படுகின்றன என்பதையும், வாக்காளர் அழுத்தும் பொத்தான் பலகைக்கும் வாக்குகளைப் பதிந்துவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் நடுவில் அந்த இயந்திரம் இணைக்கப்படுகிறது என்பதையும் அறிந்தேன். 'இயந்திரத்துக்கு எதுவும் தெரியாது' என்ற என் வாக்கியம், ஒப்புகைச் சீட்டு வந்த பிறகு திருத்தப்பட வேண்டிய ஒன்றாகியிருந்தது. ஏற்றப்படுவது வெறும் படக்கோப்பு, அதனால் வாக்கு மாறாது என்று தேர்தல் ஆணையம் சொன்னது. 2024 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்பு, அந்தச் சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு அறிவித்த பின் 45 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த அந்நியர் கேட்டது வீண் கேள்வி அல்ல என்று எனக்கு அன்று மேலும் உறுதியாயிற்று. அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

உங்கள் உரையாடலில் அந்த இளைஞர் குறிப்பிட்ட 2010 ஆய்வை நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கக் கூடாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத்தும், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மனும், நெதர்லாந்தின் ரோப் கோங்கிரைப்பும் உண்மையான இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முடிவைக் காட்டும் பகுதியை மாற்றியும், நினைவகத்தில் சிறு கருவியைப் பொருத்தியும் வாக்கை மாற்றிக் காட்டினார்கள். இயந்திரம் கைக்குக் கிடைத்து, அதைத் திறக்கவும் நேரம் கிடைத்தால் முடியும் என்பதே அவர்கள் நிறுவியது. எந்தத் தேர்தலிலும் அது நடந்தது என்று அவர்கள் நிறுவவில்லை. தொலைவிலிருந்து மாற்றலாம் என்றும் காட்டவில்லை. அந்த இயந்திரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தது, என் பார்வையில், இந்த இயந்திரத்தின் மீதான நம்பிக்கைக்கு அந்த ஆய்வைவிட அதிகக் கேடு விளைவித்தது.

உங்கள் விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம், நீங்கள் இருவரும் வேகமாகக் கடந்துபோன இடம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்களே, அது போதாதா என்று கேட்டீர்கள். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்றும் எழுதினீர்கள். அவர் 'போதாது' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். இதை ஒரு வகுப்புக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 250 சாவடிகள் இருப்பதாகவும், அவற்றில் 10 சாவடிகளின் இயந்திரங்கள் பழுதானவை அல்லது மாற்றப்பட்டவை என்றும் வைத்துக்கொள்வோம். குலுக்கலில் எடுத்த ஐந்தும் நல்ல இயந்திரங்களாகவே அமைந்துவிடும் வாய்ப்பு 81 விழுக்காடு. அதாவது தவறு பிடிபடும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. தமிழ்நாட்டு மக்களவைத் தொகுதி ஒன்றில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்குவதால், ஆறிலும் இதே அளவு தவறு இருக்குமானால் முப்பது இயந்திரங்களைச் சோதிக்கும்போது பிடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ 71 விழுக்காடாக உயர்ந்துவிடும். நாடு முழுவதற்கும் என்றால் 20,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. ஆயிரத்தில் ஓர் இயந்திரம் தவறாக இருந்தாலும் அத்தனை சோதனையிலும் தப்பிவிடுவது நடக்கக்கூடியதே அல்ல.

ஆகவே, நாடு தழுவிய சதி ஒன்று நடந்து எவருக்கும் தெரியாமல் போயிற்று என்று சொல்பவருக்கு நீங்கள் சொல்லும் பதில் சரி. ஆனால் சில நூறு வாக்குகளில் முடிவாகும் ஒரு தொகுதியில், சில சாவடிகளில் மட்டும் ஏதோ நேர்ந்திருந்தால் இந்த ஐந்து இயந்திரச் சோதனை அதைக் கண்டுபிடித்துவிடும் என்று உறுதி கூற முடியாது; அங்கே அந்த இளைஞர் சொல்வது சரி. நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களைச் சோதித்தால் போதும் என்று 2019-இல் ஒரு நிபுணர் குழு சொன்னபோதும் இதே குறைதான் இருந்தது: நாட்டை ஒரே பானையாக எடுத்துக்கொண்டார்கள். மக்களவைத் தேர்தல் என்பது 543 பானைகள். ஒரு பானையின் சோறு வெந்திருப்பது அடுத்த பானைக்குப் பதம் ஆகாது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டி வந்ததையும், அதே ஆண்டு வேட்பாளர்கள் கட்டும் பிணைத்தொகை பல மடங்கு உயர்த்தப்பட்டதையும் பார்த்தவர்கள் நீங்கள். ஒரு தொகுதியின் நிலைமை நாட்டின் சராசரியில் அடங்குவதில்லை.

என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறேன். வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கருதவில்லை. சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகச் சீட்டைக் குத்திய காலத்தை, நிமிடத்துக்கு நான்கு வாக்குகளுக்கு மேல் ஏற்காத இயந்திரம் பெருமளவு முடித்து வைத்தது. ஆனால் வாக்கு வித்தியாசம் குறைவாக உள்ள தொகுதிகளில் ஒப்புகைச் சீட்டுகளை முழுவதுமாக எண்ண வேண்டும் என்று கருதுகிறேன். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் கட்டணம் செலுத்தி ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களைச் சோதிக்கக் கோரலாம் என்று 2024 தீர்ப்பு வழி செய்திருப்பது நல்லதே. எனினும் சில்லைப் பொறியாளர்கள் சோதித்துச் சொல்வதும், சீட்டை எவரும் எண்ணிப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஜெர்மனியில் அரசியல் அறிவியலாளரான ஒரு தந்தையும் இயற்பியலாளரான அவருடைய மகனும் தொடுத்த வழக்கில், 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இந்த வேறுபாட்டின் மீதே தீர்ப்பளித்தது. 2005 தேர்தலில் முறைகேடு நடந்தது என்று அது சொல்லவில்லை, அந்தத் தேர்தலை ரத்து செய்யவும் இல்லை. தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சிறப்பு அறிவு இல்லாத குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும், பயன்படுத்தப்பட்ட இயந்திரங்கள் அதற்கு இடம் தரவில்லை என்றே சொன்னது. அந்த இயந்திரங்களில் சீட்டு இல்லை, நம்முடையவற்றில் இருக்கிறது. ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டிக்குள் விழும் அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை எண்ணாமலே வைத்திருப்பது ஏன் என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த இளைஞர் தம் கட்சி வென்றபோது பேசாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது உங்கள் வாதத்தின் மிகப் பலவீனமான பகுதி. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அவரைப் பற்றிய உண்மை, இயந்திரத்தைப் பற்றியது அல்ல. இந்த இயந்திரம் முதன்முதலில் பயன்பட்ட 1982 கேரளத் தேர்தலிலேயே இது தொடங்கிவிட்டது. பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் வைக்கப்பட்டபோது, தேர்தலுக்கு முன்பே அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் சிவன் பிள்ளை. வென்றவரும் அவரே, 123 வாக்குகளில். அதன் பின் எதிர்த்து வழக்காடியவர் தோற்ற ஏ.சி. ஜோஸ். 1984-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது செல்லாது என்றது. அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். தோற்றவர் தம் நலனுக்காகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வியால்தான் பிற்பாடு சட்டமே திருத்தப்பட்டது. 2009-இல் தோற்றபின் வாக்குச்சீட்டுக்குத் திரும்பச் சொன்னவர் அத்வானி. 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் தோற்றபின் கேட்டவர் மாயாவதி. தோற்றவர் கேட்பதுதான் இயல்பு, வென்றவருக்குக் கேட்கக் காரணம் இல்லை. கேட்பவரின் கட்சியைப் பார்த்து விலக்கினால், எந்தக் கேள்வியும் யாரிடமிருந்தும் வர முடியாது. உங்களைக் கூலி என்றவர்கள் செய்ததும் இதையே.

விவாதத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூலி என்றவர்களோடு உங்களுக்குப் பேச எதுவும் இல்லை; உங்கள் மகள் அவர்களைப் பற்றிச் சொல்வது சரி. அந்த இளைஞர் வேறு. உங்கள் உரையாடலில் 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் இடம் வரை அவர் எழுதிய ஒவ்வொரு வரியிலும் ஒரு செய்தி இருந்தது; அதற்குப் பிறகு உங்கள் இருவரின் வரிகளிலும் இல்லை. வயதும் ஊரும் தெரியாதவரிடம் நம் மொழியில் அந்த ஒரு சொல் இறங்கிவிட்டால், அதன் பின் எழுதப்படுவதெல்லாம் மரியாதையைப் பற்றியதாகிவிடுகிறது, பொருள் காணாமல் போகிறது. 'நீ' என்று எழுதியதற்கு வருத்தம் தெரிவித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் முதலில் சொன்னார் என்பதை அதில் குறிப்பிட வேண்டாம். மாதிரி வாக்குப்பதிவிலிருந்து 17சி நகல் கொடுப்பது வரை நீங்கள் செய்ததை வரிசையாக எழுதி, நீங்கள் பார்க்காதவற்றையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். பிறகு மேலே உள்ள 250 சாவடிக் கணக்கை அனுப்பி, தொகுதிக்கு எத்தனை இயந்திரங்களைச் சோதித்தால் அவருக்குப் போதும் என்று கேளுங்கள். அவர் பொறியாளர், எண்ணாகவே பதில் சொல்லக்கூடியவர். பதில் வந்தால், அவர் அனுமதித்தால், எனக்கும் அனுப்பி வையுங்கள்.

அன்புடன்