வான்கோழிவால் காளானும் வான்கோழியும்

கேள்வி: பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, காட்டில் விழுந்துகிடந்த மரத்தில் விசிறிபோல் அடுக்கடுக்காக முளைத்திருந்த காளானைக் கண்டேன். ‘வான்கோழிவால்’ என்றார்கள். மறுநாளே காட்டு வான்கோழி ஒன்று வாலை விரித்து நின்றது. பறவையைப் பார்த்துத்தான் காளான் வேடமிடுகிறதா? அதைச் சாப்பிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேடம் எதுவுமில்லை. டிராமீட்டஸ் வெர்சிகலர் என்னும் இந்தக் காளான், காட்டு வான்கோழியே இல்லாத ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இதே வண்ணப் பட்டைகளோடுதான் வளர்கிறது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு இட்ட ‘வெர்சிகலர்’ என்ற லத்தீன் அடைமொழிக்கும் பல வண்ணமுடையது என்பதே பொருள். அதில் பறவை இல்லை.

ஆனால், பட்டைகள் உண்டாகும் விதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. காளான் தன் விளிம்பில்தான் வளர்கிறது என்பதால், வெளுத்த ஓரம் அண்மையில் வளர்ந்தது, மரத்தை ஒட்டிய பகுதி மூத்தது. இறகோ தோலிலுள்ள குழியிலிருந்து நுனியை முன்னே தள்ளிக்கொண்டு வளர்வதால், நீங்கள் பார்த்த வாலின் ஓரத்துச் செம்பழுப்புப் பட்டையே அந்த இறகின் மிகப் பழைய பகுதி. விசிறி ஒன்றுபோல் தோன்றினாலும் வயது நேரெதிராக ஓடுகிறது. முழுதாக வளர்ந்த இறகு, உதிரும்வரை மாறாத உயிரற்ற கெரட்டின், நம் நகத்திலுள்ள அதே புரதவகை. காளானின் உடலைத் தாங்குவது கைட்டின், வண்டின் ஓட்டிலுள்ள அதே பொருள்.

ஆண் வான்கோழி வாலை விரிப்பது பெட்டைகளைக் கவர. காளானின் அழகிய மேற்புறத்துக்கு அப்படி எந்த வேலையும் இருப்பதாகத் தெரியவில்லை. இனப்பெருக்கம் நடப்பது அடிப்புறத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று முதல் ஐந்துவரை அமைந்த நுண்துளைகள் வழியாக வித்துகள் உதிர்கின்றன. மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னினைக்கூடச் சிதைத்து உண்ணக்கூடியது இது.

தோல்போல் விறைப்பாக இருப்பதால் சமையலுக்கு உதவாது. இதிலிருந்து பிரித்த ஒரு சர்க்கரைப் பொருளை ஜப்பானில் 1977-இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணைமருந்தாக அனுமதித்தது உண்மைதான் என்றாலும், மரத்தில் கண்டதைப் பறித்துக் கஷாயம் வைப்பதற்கு அது நியாயமாகாது. மேற்புறம் ஏறத்தாழ இதேபோன்ற ஸ்டீரியம் காளான்களும் அங்கு உண்டு. புரட்டிப் பார்த்தால் அவற்றின் அடிப்புறம் துளையின்றி வழவழப்பாக இருக்கும்.