நியூரோடைவர்ஜென்ட் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு குழு எதற்கு?

ஆட்டிசம் (பழகும் விதமும் சத்தம், வெளிச்சம் உணரும் விதமும் வேறு), ஏ.டி.எச்.டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது சிரமம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதும் எழுதுவதும் சிரமம்) என மூளை வேறு விதமாக வேலை செய்பவர்களைத்தான் நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள்.

இவர்களுக்குத்தான் மற்றவர்களைப் புரிவதில்லை என்று நினைத்திருந்தோம். ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் அதைத் திருப்பிப் போட்டார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. மலையகத்து ஹட்டன்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் அவரவர் ஊர்த் தமிழில் வேகமாகப் பேசினால் இருவருமே "என்ன?" என்று கேட்பார்கள். யாருக்கும் தமிழ் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் சொந்த ஊர்க்காரர் ஒருவரைக் கண்டால் எப்படி இருக்கும்? குழு தருவது அந்த நிம்மதியைத்தான்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இது இன்னும் அவசியம். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ, தலைக்கு மேலே தகரத்தில் மழை. சத்தம் தாங்காமல் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் "திமிர்" என்பார்கள் (எங்கே போய் உட்காருவது, சொல்லுங்கள்).

பெரிய சங்கமெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர், ஆளுக்கொரு பிளேன்டீ, பேசாமல் இருந்தாலும் சரி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வாயால் சொல்லும் வேலையைத் துண்டில் எழுதித் தரச் சொல்லி கங்காணியிடம் ஒருவருக்காக இன்னொருவர் கேட்கலாம்.

அப்புறம், "வயசு வந்தால் சரியாகிவிடும்" என்பது தவறு. பெரும்பாலும் மறைக்கப் பழகிவிடுகிறார்கள், அந்தக் களைப்பு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.