பாட்டி சொன்ன ‘சனியன்’

கேள்வி: என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானை எதிர்த்து பர்மா சண்டைக்குப் போனவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் இரும்பு உறையோடு ஒரு நீளமான குத்துவாள் இருக்கிறது. அலகு மட்டும் 40 செ.மீ. வரும். கைப்பிடிக்கு மேலே குறுக்கே இருக்கும் இரும்பில் ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் கொக்கி. அலகின் அடியில் ஒன்றோடொன்று பிணைந்த நான்கு வட்டங்கள். வெள்ளைக்காரத் துரை பரிசாகக் கொடுத்தது என்கிறார் அப்பா. பாட்டி இருந்தவரை, “அந்தச் சனியனைத் தொடாதே” என்று திட்டுவார். இது எந்த நாட்டுக் கத்தி? துருப்பிடித்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, குடியாத்தம்)

பதில்: புளி வேண்டவே வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். அந்த நான்கு வட்டம் அழிந்தால் கத்தியின் பிறப்புச் சான்றிதழே போன மாதிரி. மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைத்து வையுங்கள், போதும்.

அப்புறம், பாட்டி திட்டவில்லை அம்மா. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திக்குப் பட்டாளத்து இந்துஸ்தானியில் ‘சங்கீன்’ என்று பெயர், தமிழில் அதைத் துப்பாக்கிச் சனியன் என்றே எழுதினார்கள். தாத்தா வாயிலிருந்து கேட்ட பெயரைத்தான் பாட்டி சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் இருப்பது குத்துவாள் அல்ல, ஜப்பான் ராணுவத்தின் ‘டைப் 30’ பயனெட். ஜப்பான் பேரரசர் மெய்ஜி ஆட்சியின் 30-ஆம் ஆண்டு, அதாவது 1897-இல் வந்த மாதிரி என்பதால் அந்தப் பெயர். ஜப்பான் படையின் அரிசாகா ரைஃபிளின் குழல் அந்த வளையத்துக்குள் நுழையும். கைப்பிடியின் பின்முனையைத் திருப்பிப் பாருங்கள், ரைஃபிளில் பொருந்துவதற்கு ஒரு காடியும் பக்கத்தில் அழுத்துகிற பொத்தானும் இருக்கும். அலகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், ரத்தம் வழிவதற்கு என்று சொல்வார்கள், அது எடை குறைப்பதற்கு. போர் முற்றி இரும்புக்கும் நேரத்துக்கும் பஞ்சம் வந்தபோது முதலில் கொக்கியை விட்டார்கள், பிறகு அந்தப் பள்ளத்தையும் விட்டார்கள், கடைசியில் உறையே மரத்தில் வந்தது. உங்களுடையதில் கொக்கியும் இரும்பு உறையும் இருப்பதால் அது நெருக்கடிக்கு முந்திய நல்ல வேலைப்பாடு.

நான்கு வட்டம் டோக்கியோ ஆயுதச்சாலையின் முத்திரை. 1923 பூகம்பத்துக்குப் பிறகு அந்த ஆலை கொகுரா நகருக்கு மாறியது, முத்திரையும் கூடவே போனது. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டைப் போட முதலில் குறித்திருந்த இடம் இந்தக் கொகுரா ஆயுதச்சாலைதான்! புகையும் மேகமும் மறைத்ததால் விமானம் நாகசாகிப் பக்கம் திரும்பி அங்கே குண்டைப் போட்டது. உங்கள் பெட்டியில் கிடக்கும் இரும்பில் அந்த ஊரின் முத்திரை இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

துரை கொடுத்த கதையை அப்பாவிடம் சண்டை போட்டு மறுக்க வேண்டாம். ஆனால் இதை வைத்து தாத்தா யாரையோ கொன்றுதான் எடுத்தார் என்றும் முடிவு கட்டாதீர்கள். சாப்பர்கள் பாலம் கட்டியவர்கள், கண்ணிவெடி அகற்றியவர்கள். ஜப்பான் படை பின்வாங்கிய வழியெல்லாம் ஆயுதங்கள் சிதறிக் கிடந்தன, சரணடைந்தபோது குவியலாகவே கிடைத்தன. பெட்டியில் பதக்கம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கருநீல நாடாவின் நடுவில் சிவப்பும் இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் பின்பக்கம் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துப் பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லியே இருக்கிறது, ஆகவே விற்கவோ வெளியூருக்கு எடுத்துப் போகவோ செய்யும் முன் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கத்தியில் இருக்கும் எண் ஆலையின் எண், அதை வைத்து இந்தக் கத்தியை வைத்திருந்த ஜப்பான் சிப்பாய் யார் என்று தேட முடியாது. ஆனால் பெட்டியின் அடியில் நடுவில் சிவப்பு வட்டமும் சுற்றிலும் மையில் எழுத்துமாக ஒரு வெள்ளைத் துணி மடித்துக் கிடக்கிறதா பாருங்கள். போருக்குப் போகும் பையனுக்குச் சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கொடி அது. அப்படிப்பட்ட கொடிகள் இப்போதும் குடும்பங்களைத் தேடித் திரும்பிப் போகின்றன. இருந்தால் துவைக்காமல் அப்படியே வைத்து எனக்கு எழுதுங்கள்.