விக்டோரியா காலப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் தனிக் கடிதங்களிலிருந்து அவருடைய அரசியலையும் வேலையையும் அறிய முடியுமா?

முடியும். லண்டன் ‘டைம்ஸ்’ ஆசிரியர் ஜான் டிலேனைப் பொறுத்தவரை, கடிதங்களை விட்டால் வேறு வழியே இல்லை என்பேன். 1841-இல், 23 வயதில் பொறுப்பேற்று 1877 வரை அந்த நாற்காலியில் இருந்த அவர், தம் கையால் தலையங்கம் எழுதியது மிகக் குறைவு. எதை எழுத வேண்டும், எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எங்கே அடக்கி வாசிக்க வேண்டும் என்று ராபர்ட் லோ, ஹென்றி ரீவ் போன்ற தலையங்க எழுத்தாளர்களுக்குக் குறிப்பு எழுதுவார். வந்த பிரதியை இரவெல்லாம் விழித்திருந்து திருத்துவார். மாலையில் அமைச்சர்களோடு விருந்து, பின்னிரவில் அலுவலகம், விடியும்போது வீடு என்பதே அவருடைய அன்றாடம்.

நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகளாக இரவுப் பணியில் துணையாசிரியராக இருக்கும் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது, ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் பிரான்ஸும் நடத்திய கிரிமியப் போரின்போது அவருக்கும் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைத்தான். 1854 ஏப்ரலில், பிரிட்டிஷ் படை இறங்கியிருந்த துருக்கியின் கல்லிப்போலியிலிருந்து ரஸ்ஸல் எழுதுகிறார்: நோயுற்ற சிப்பாய்களுக்குப் படுக்கை இல்லை, நாற்காலியோ மேசையோ இல்லாத இடிந்த வீட்டில் அவர்களைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள், இதையெல்லாம் நான் சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா? இதுவரை செய்ததைப் போலவே உண்மையைச் சொல்லுங்கள், இயன்ற மட்டும் சொல்லுங்கள், ஆபத்தை வரவழைக்கக்கூடிய விமர்சனத்தை ஆபத்துக்கு வெளியே இருக்கும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்ற பொருளில் டிலேன் அவருக்கு எழுதினார். இரவு பதினொரு மணிக்கு ஏதோ ஓர் ஊரிலிருந்து நிருபர் தொலைபேசியில் அழைத்து, ‘சார், இதை எழுதலாமா, வேண்டாமா?’ என்று கேட்கும் குரல் எனக்குப் பழக்கமானது. அந்தக் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதிலை நான் படித்ததில்லை.

டிலேன் சொன்னபடியே நடந்தும் கொண்டார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. அப்போதைய பிரதமர் அபர்டீன் அவருக்கு அந்நியரல்லர்; 1845-இல், இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்கள் நீக்கப்படவிருந்த செய்தியை ‘டைம்ஸ்’ முந்தித் தந்ததற்கு அபர்டீனே மூலம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். இருந்தும் 1854-55 குளிர்காலத்தில் ‘டைம்ஸ்’ தலையங்கங்கள் போர் நிர்வாகத்தைத் தயவு தாட்சண்யமின்றித் தாக்கின. 1855 ஜனவரி 29 அன்று போர் நிர்வாகம் பற்றி விசாரணை கோரும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 305-க்கு 148 என்ற வாக்குகளில் நிறைவேறியதும் அபர்டீன் அரசு விழுந்தது.

டிலேனின் சகோதரி மகன் ஆர்தர் டேசன்ட் 1908-இல் தம் மாமாவின் கடிதங்களை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். குடும்பத்தார் தொகுத்தது என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முதலில் 1854, 1855 ஆண்டுகளின் கடிதங்களைப் படியுங்கள்.